வலது பக்கம்

என் தங்கையின் தலைக்குள் இருந்தது புற்றுநோய் இல்லை. 2019 ஆகஸ்டில் எம்.ஆர்.ஐ. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு டாக்டர் முதலில் சொன்னது அதைத்தான். மெல்ல வளர்கிற கட்டி, உடம்பில் வேறெங்கும் பரவாது, எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்றார். மாப்பிள்ளை எழுந்து நின்று கைகூப்பினார். அம்மா அன்று சாயங்காலமே பெங்களூர் மெஜஸ்டிக் பக்கத்து அண்ணம்மா கோயிலுக்குப் போய், மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் கட்டியை எடுத்த பிறகு என்னென்ன வரலாம் என்பது அந்த அறையில் பேசப்படவே இல்லை. எங்கள் குடும்பம் ஓராண்டுக்கு மேல் அல்லாடியது அதில்தான். நான் எழுத உட்கார்ந்ததும் அதைப் பற்றித்தான்.

அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர். நாங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் ஸ்ரீராமபுரம். தங்கை பத்தாவது முடித்த கையோடு பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் டெய்லராகச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்திருந்தாள். ஒரே ஹாலில் நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஓடுகிற இடம். 2017 வாக்கில் வலது காது மந்தமாக ஆரம்பித்தது. போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள். ராத்திரி படுத்தால் வலது காதுக்குள் ஒரு இரைச்சல் என்பாள். மெஷின் சத்தம் என்று அவளும் சொன்னாள், அவளோடு வேலை பார்த்த பெண்களும் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் காது அப்படித்தான் இருந்தது. ஒரு காது டாக்டர் அழுக்கு எடுத்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

மெஷின் சத்தத்தால் செவி கெட்டால் பெரும்பாலும் இரண்டு காதும் சேர்ந்துதான் கெடும். ஒரு காது மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் காரணம் வேறு. எல்லாம் நடந்து முடிந்தபின், நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் அவளுக்குச் செவிச் சோதனை செய்த ஒரு பெண்தான் இதை எங்களுக்கு விளக்கினாள்.

காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு எட்டாவது நரம்பு. கேட்கும் திறனும் உடம்பை நிலையாக நிறுத்தும் திறனும் அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. நிலைநிறுத்தும் இழையின் மேலுறையில் வளர்கிற கட்டிக்கு வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று பெயர். அக்கவுஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயரையும் டாக்டர்கள் இன்னும் சொல்கிறார்கள். காதெலும்புக்குள் இருக்கும் ஒரு குறுகிய பாதையில் பிறந்து, சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே இருக்கும் மூலைக்குள் அது எட்டிப் பார்க்கும். அந்த மூலை மிக நெருக்கடியான இடம். முகத்தை அசைக்கும் ஏழாம் நரம்பு கட்டியின் மேல் ஒட்டிக்கொண்டே ஓடும். மேலே கன்னத்துக்கும் கண்ணுக்கும் உணர்ச்சி தரும் ஐந்தாம் நரம்பு. கீழே விழுங்கவும் குரல் எழுப்பவும் ஆன நரம்புகள். உள்பக்கம் மூச்சையும் நாடியையும் நடத்துகிற மூளைத்தண்டு. கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஆண்டுக்கொரு ஸ்கேன் எடுத்துக் காத்திருக்கலாம், இல்லாவிட்டால் காமா நைஃப் என்னும் கதிர் சிகிச்சையில் வளர்ச்சியை நிறுத்தலாம். பலருக்கு மண்டையைத் திறக்கவே வேண்டியதில்லை. தங்கையின் கட்டி நான்கு சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது.

2019இல்தான் மற்ற அடையாளங்கள் தெரிந்தன. பஸ் ஸ்டாண்டு படிக்கட்டில் இறங்கும்போது சுவரைப் பிடித்தாள். முகத்துக்குப் பவுடர் போடும்போது, "அக்கா, இந்தக் கன்னத்துல கை வைக்கிறதே தெரியலக்கா" என்றாள். ஆகஸ்டில் காலைத் தலைவலியும் வாந்தியும் நிற்காமல் போகவே ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஸ்கேனுக்கு எழுதி, படம் வந்ததும் ஈ.எஸ்.ஐ. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்த மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே கைதேர்ந்தவர்களும் அன்பானவர்களும் இருந்தார்கள். நான் சொல்லப்போகும் குறைகள் இந்த ஊரில் வேறு பல இடங்களிலும் இருப்பவை.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, வராந்தாவில் நின்றபடி ஒரு டாக்டர் கன்னடத்தில் விளக்கினார். வலது காது திரும்பாது, முகம் கொஞ்சம் கோணலாகலாம், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். பல பக்கப் படிவம் இங்கிலீஷில் இருந்தது. மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுகிறவர். நான் சிவாஜிநகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். எழுத்துக்கூட்டிப் படிக்க இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் விடிந்தால் அவள் மண்டையைத் திறக்கப்போகிறார்கள் என்கிறபோது யாருக்கு எதைப் படிக்க ஓடும்? உயிர் நிற்குமா என்று மட்டும் கேட்டோம். நிற்கும் என்றார். கையெழுத்துப் போட்டோம். முந்தின ராத்திரி சொல்லுகிற எந்த விஷயமும் குடும்பத்தின் காதில் ஏறாது. இதைத் தினமும் பார்க்கிற மருத்துவமனைகளுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் அதைப் பெரிய குறை என்கிறேன்.

காலையில் உள்ளே கொண்டுபோனவளை இருட்டுகிற நேரத்தில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். "பேஷன்ட் கடெயவரு யாரு?" என்று கூப்பிட்டதும் ஓடினோம். சர்ஜன் களைத்துப்போயிருந்தார். சக்சஸ் என்றார். முக நரம்பு கட்டியின் மேல் காகிதம் மாதிரித் தட்டையாகப் படிந்திருந்ததால், அதைக் காப்பாற்றுவதற்காகக் கட்டியின் ஒரு மெல்லிய தோலை மட்டும் விட்டு வைத்திருப்பதாகவும், நரம்பு அறுபடவில்லை என்றும் சொன்னார். அதன் அருமை அன்று எங்களுக்குப் புரியவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் ஹார்வி குஷிங், கட்டியின் உட்புறத்தை மட்டும் சுரண்டியெடுத்து உயிரைக் காக்கும் வழியைக் கண்டார். இந்தக் கட்டிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1917இல் வந்தது. அவரிடம் பயின்ற வால்டர் டாண்டி கட்டியை முழுக்க எடுத்துக் காட்டினார், முக நரம்பு போனது. 1960களில் வில்லியம் ஹவுஸ் மைக்ராஸ்கோப்பை உள்ளே கொண்டுவந்த பிறகுதான் நரம்பையும் காப்பாற்றலாம் என்ற நிலை வந்தது. நம் பக்கம் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார்கள். பெங்களூரில் ஆர்.எம். வர்மா அதை வளர்த்தார். 1974இல் உருவான நிம்ஹான்ஸின் முதல் இயக்குநரும் அவர்தான். எங்கள் வீட்டுப் பெண் உயிரோடு வந்ததற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது. அதை மறந்துவிட்டு எந்தக் குறையையும் நான் பேச மாட்டேன்.

மறுநாள் ஐ.சி.யு.வுக்குள் என்னை மட்டும் விட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. முகத்தின் வலது பாதியில் எந்த அசைவும் இல்லை. நெற்றிச் சுருக்கம், கன்னத்து மடிப்பு எல்லாம் மறைந்து அந்தப் பக்கம் வழவழவென்று இருந்தது. வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. வலது கண்ணை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்பது இடது பக்கத்தை வைத்துத்தான் தெரிந்தது. ஏதோ சொன்னாள். குரல் காற்றாக வந்தது.

'கொஞ்சம் கோணலாகலாம்' என்று வராந்தாவில் நாங்கள் கேட்டது இதைத்தான்.

முக நரம்பின் பாதிப்பை ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டு அளக்கிறார்கள். ஹவுஸ்-பிராக்மன் அளவு என்று பெயர், 1985இல் வந்தது. ஒன்று என்றால் முழு முகம், ஆறு என்றால் அசைவே இல்லை. தங்கையின் காகிதத்தில் ஆறு என்று எழுதியிருந்தது. நரம்பு அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் திரும்ப வரும், ஆனால் மெதுவாக. நரம்பிழைகள் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார்கள். ஓராண்டு வரை பார்க்கலாம், வராவிட்டால் நாக்கை அசைக்கும் நரம்பிலிருந்து ஒரு இணைப்பு எடுத்து முக நரம்போடு தைக்க வேண்டும். அதையும் ரொம்பத் தள்ளிப்போட முடியாது. அதற்குள் முகத் தசைகள் சூம்பிவிடும்.

முகத்தைவிடக் கண்தான் அவசரம் என்று எங்களுக்குச் சொன்னது வார்டில் ராத்திரி டியூட்டியில் இருந்த ஒரு மலையாள சிஸ்டர். தங்கைக்கு ஏழாம் நரம்பு வேலை செய்யாததால் இமை மூடவில்லை. ஐந்தாம் நரம்பும் மரத்துப்போயிருந்ததால் கண்ணில் தூசி விழுந்தாலும் அவளுக்கு வலிக்காது. ஐ.சி.யு.வில் ஒட்டியிருந்த டேப் வார்டுக்கு வந்ததும் யாருடைய கவனத்திலும் இல்லாமல் போனது. ரெண்டாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்த சிஸ்டர் கருவிழி உலர்ந்து சிவந்திருப்பதைக் கண்டு அப்போதே டாக்டரை வரவழைத்தார். பிறகு என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பகலில் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. ராத்திரி ஆயின்மென்ட். முதலில் விரலால் இமையை நன்றாக மூடிவிட்டு, அப்புறம்தான் டேப் ஒட்ட வேண்டும். இமை சரியாக மூடாத கண்மேல் பஞ்சோ துணியோ வைத்துக் கட்டவே கூடாது, உள்ளே கண் திறந்தால் துணி கருவிழியை உராயும். "சேச்சி, முகம் பின்னே வரும். கண்ணு போனா வராது" என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான். தங்கையின் வலது கண் இன்றைக்கும் பார்க்கிறதென்றால் அவர்தான் காரணம். பிற்பாடு மின்டோ கண் மருத்துவமனையில் இமைகளின் வெளி ஓரத்தைக் கொஞ்சம் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கண் சிறுத்துப் பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் கருவிழி ஈரமாக இருந்தது.

அடுத்தது விழுங்குவது. கீழ் நரம்புகளும் அதிர்ந்திருந்ததால் தொண்டையின் வலது பக்கம் வேலை செய்யவில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தால் புரையேறி முகம் நீலம் பாரிக்கும். தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மூக்கு வழியாக டியூப் போட்டு அதில்தான் கஞ்சி. டியூபோடுதான் வீட்டுக்கும் வந்தாள்.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஓசூர் ரோட்டில் அந்த வளாகத்துக்கு வெளியே காலையில் நின்றால் தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று எல்லாப் பாஷையும் கேட்கும். சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து ராத்திரியே பஸ் ஏறி வந்து, டோக்கனுக்கு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அங்கே பேச்சுப் பயிற்சிப் பிரிவில் ஒரு இளம்பெண், விழுங்குவதற்குத் தங்கைக்குப் பாடம் எடுத்தாள். தலையை வலுவில்லாத வலது பக்கம் திருப்பி, தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து விழுங்கச் சொன்னாள். தலையைத் திருப்பினால் கெட்ட பக்கம் அடைபட்டு நல்ல பக்கம் வழியாக இறங்கும். தண்ணீர் வேண்டாம், கெட்டியான ராகிக் கஞ்சி நல்லது, கெட்டியாக இருப்பது மெதுவாக இறங்கும், தொண்டைக்கு மூட நேரம் கிடைக்கும் என்றாள். எந்த மருந்தும் இல்லை, எந்தக் கருவியும் இல்லை. தீபாவளிக்குச் சில நாள் முன்பு டியூபை எடுத்தார்கள். அம்மா ராகிக் கஞ்சி காய்ச்சினாள். தங்கை தலையைத் திருப்பி ஒவ்வொரு வாயாக விழுங்கி முடிக்கும்வரை வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

அந்த அக்டோபர் 27 ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. காலையில் மகனுக்குப் புதுச் சட்டைப் பட்டன் போடக் குனிந்தாள். அவள் மூக்கிலிருந்து ஒரு சொட்டு அவன் சட்டையில் விழுந்தது. துடைத்தாள். மறுபடியும் விழுந்தது. சளி மாதிரி வழவழப்பு இல்லை, தெளிந்த தண்ணீர். நிமிர்ந்தால் நின்றது, குனிந்தால் வந்தது. தொண்டைக்குள் உப்புக் கரிக்கிறது என்றாள்.

அது மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர். ஒரு நேரத்தில் நம் தலைக்குள்ளும் தண்டுவடத்திலுமாகச் சுமார் 150 மில்லிலிட்டர் இருக்கும், உடம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் சுரந்துகொண்டும் உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். இந்தக் கட்டியை எடுக்கக் காதுக்குப் பின்னால் எலும்பைக் குடையும்போது அதிலுள்ள சிறு காற்றறைகள் திறந்துகொள்ளும். மெழுகு வைத்து அடைப்பார்கள். ஏதாவது ஒன்று அடைபடாமல் போனால், நீர் அந்த வழியாக நடுக்காதுக்கும், அங்கிருந்து மூக்குக்கும் கசியும். நீர் வெளியே வருகிற பாதையிலேயே கிருமி உள்ளே போகும். இது அரிதான விபத்து இல்லை. இந்த ஆபரேஷனுக்குப் பின் வரக்கூடியது என்று எல்லா நரம்பு சர்ஜன்களுக்கும் தெரிந்ததுதான். எங்களிடம் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்திலும் மூன்றெழுத்துச் சுருக்கமாக, இங்கிலீஷில், மற்ற வரிகளுக்கு நடுவே அது இருந்தது. வாயால் ஒருவரும் சொல்லவில்லை.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனோம். பண்டிகை நாள், மூத்த டாக்டர்கள் இல்லை. கேஷுவால்டியில் இருந்த டாக்டர் மழைக்காலச் சளி என்று மாத்திரை எழுதினார். தலை ஆபரேஷன் ஆன பெண் என்று மாப்பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னார். திங்கட்கிழமை ஓ.பி.க்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திங்கள் விடியுமுன்னே காய்ச்சல் கொதித்தது. கழுத்தை மடக்க முடியவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தால் கத்தினாள். என்னை யாரென்று கேட்டாள்.

மூளைக்காய்ச்சல், மெனிஞ்சைட்டிஸ். மறுபடியும் ஐ.சி.யு. ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக், வாரக்கணக்கில். இடுப்புப் பக்கத்து முதுகெலும்புக்குள் ஒரு மெல்லிய குழாய் போட்டு, தலைக்குள் அழுத்தம் குறைய நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு பைக்குள் இறக்கினார்கள். அந்தப் பையின் உயரத்தைத் தலைக்கு ஏற்ற மட்டத்தில் வைத்திருக்க வேண்டும். நோயாளி திடீரென்று எழுந்து உட்கார்ந்தால் நீர் மளமளவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ராத்திரியெல்லாம் நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டேன். அவள் நினைவு தப்பி ஃபேக்டரியில் டார்கெட் எண்ணிக்கொண்டிருந்தாள். காலர் எத்தனை, கஃப் எத்தனை என்று கணக்குச் சொல்வாள். பதில் சொன்னால் அமைதியாவாள். நானும் ஏதோ எண் சொல்லிக்கொண்டே இருந்தேன். கட்டியை எடுத்த ராத்திரியில்கூட அவள் செத்துப்போவாள் என்று எனக்குத் தோன்றியதில்லை. அந்த ராத்திரிகளில் தோன்றியது.

காய்ச்சல் தணிந்ததும் மறுபடியும் பழைய தையலைப் பிரித்து, வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்துக் கசிவு வந்த இடத்தில் வைத்து அடைத்தார்கள். கசிவு நின்றது. டிசம்பரில் வீட்டுக்கு வந்தாள். அந்த வார்டிலேயே இன்னொரு பெண், கோலார்ப் பக்கத்துக்காரி, இதே கசிவோடு ஒரு வாரம் சளி மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் மகன் அவள் பக்கத்தில் வரவில்லை. ஒன்பது வயது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வான். தங்கை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியை மட்டும் கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டாள். முகப் பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, ஹல்க்காக நடிக்கிற மார்க் ரஃபலோவின் படத்தைப் போனில் காட்டினார். அவருக்கும் 2001இல் இதே கட்டி, இதே ஆபரேஷன், முகம் ஒரு பக்கம் விழுந்து பல மாதம் கழித்துத் திரும்பியது, ஒரு காது இன்றும் கேட்காது என்றார். அவெஞ்சர்ஸ் படம் 2019 ஏப்ரலில்தான் வந்திருந்தது, பையன் பார்த்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து கண்ணாடியை எடுத்து அவனே மாட்டினான். அம்மா பயிற்சி செய்ய எதிரே உட்கார்ந்து புருவம் தூக்குவது, உதடு குவிப்பது, பல் காட்டுவது எல்லாம் அவனும் செய்வான். அவளிடம் பேச வேண்டுமென்றால் இடது பக்கம் போய் உட்கார வேண்டும் என்பதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் பழகிக்கொண்டவனும் அவன்தான்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு. பஸ் இல்லை, ஓ.பி. இல்லை. மாப்பிள்ளையின் ஆட்டோ ஓடவில்லை. பிசியோதெரபிஸ்ட் வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, முகம் அப்படியே இருந்தது. இணைப்பு ஆபரேஷன் வேண்டுமென்றால் எங்கே போவது, யார் செய்வார்கள், அதற்குள் தசை சூம்பிவிடுமா என்று தினமும் பயம். வெளியே போனால் எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள். தங்கையும் போட்டுக்கொண்டாள். கடைத்தெருவில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்காத அந்த மாதங்களில்தான் அவள் மறுபடி தனியாக வெளியே நடக்கப் பழகினாள்.

ஜூன் மாதம், பயிற்சியின்போது, வலது உதட்டோரம் இம்மி அசைந்தது. மகன்தான் முதலில் பார்த்தான். அவன் சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது அவளால் மறுபடி செய்ய முடியவில்லை. மறுநாள் செய்தாள். அதன் பிறகு கன்னம், பிறகு இமை. நெற்றி வரவே இல்லை. ஆறில் இருந்தது மூன்றுக்கு வந்து நின்றது. வளர்ந்த நரம்பிழைகள் சில வழி மாறிப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. உதட்டைக் குவித்தால் கண் சுருங்கும், சாப்பிட உட்கார்ந்தால் வலது கண்ணில் நீர் வழியும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போனதால் வருவது அது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எதற்கு அழுகிறாள் என்று கேட்பார்கள். அதனால் இப்போதெல்லாம் அவள் பந்திக்கு உட்காருவதில்லை.

ஃபேக்டரி வேலை போய்விட்டது. ஒரு காதோடு, நடை தள்ளாடும் ஒருத்தியால் லைனுக்கும் லைனுக்கும் நடுவே ஓட முடியாது. ஆனால் பணம் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல தொழிலாளிகளுக்கு இது தெரியாது. ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி என்று சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரைதான் கிடைக்கும். ஆனால் சில நீண்ட நோய்களுக்கு அது முடிந்த பிறகும் 80 சதவீதம் தொடரும், இரண்டாண்டு வரைகூட நீட்டிக்கலாம். அதற்குக் குறைந்தது இரண்டாண்டு வேலையில் இருந்து சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்த நோய்ப் பட்டியலில் மண்டைக்குள் வரும் கட்டியும் இருக்கிறது. எங்களுக்கு இதைச் சொன்னது அவளுடைய ஃபேக்டரியில் சங்கம் நடத்திய ஒரு பெண். ஊரடங்கின்போது எங்கள் இரண்டு குடும்பமும் அந்தப் பணத்தில்தான் சாப்பிட்டது.

இப்போது தங்கை வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். விட்டுவைத்த தோல் வளர்கிறதா என்று ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம், இதுவரை வளரவில்லை. சர்ஜனின் கையில் எந்தக் குறையும் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். குறை, அவர் கையிலிருந்து அவளை எங்கள் கையில் கொடுத்த விதத்தில் இருந்தது. கண்ணை எப்படி மூடுவது, எப்படி விழுங்கவைப்பது, மூக்கில் தண்ணீர் வந்தால் எங்கே ஓடுவது என்ற மூன்று விஷயங்களை, ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பும் டிஸ்சார்ஜ் அன்றும், கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு சிஸ்டரை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும். அந்தத் தீபாவளி எங்களுக்கு வந்திருக்காது. கோலார்க்காரிக்கும் வந்திருக்காது. மருத்துவமனைகள் இதைச் செய்ய வேண்டும். கேட்டு வாங்குவது குடும்பத்தின் உரிமை.

படிக்கிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது போனை எப்போதும் ஒரே காதில் மட்டும் வைக்கிறார்களா, ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்கிறார்களா என்று பாருங்கள். சொட்டு மருந்தோடு விடாமல் செவிச் சோதனை செய்து, இரண்டு காதுக்கும் வித்தியாசம் இருந்தால் எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். தலை ஆபரேஷன் ஆனவர் குனியும்போது மூக்கிலோ தொண்டையிலோ உப்புக்கரிக்கும் தெளிந்த நீர் வந்தால் அது சளி இல்லை. பண்டிகையானாலும் ராத்திரியானாலும் நரம்பு சர்ஜன் ஒருவர் வந்து பார்க்கும்வரை அந்த மருத்துவமனையை விட்டு நகராதீர்கள்.